கொக்குவில் கோப்புகள் பிந்திய காரணம்

மருதனார்மடத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கந்தோரின் தலைமைக் கிளாக்கர் அம்மாவும் பியோனும். ஷெல் குண்டுகளுக்குப் பயந்து கோப்புகளை மூன்று ஊர் வீடுகளில் பிரித்து வைத்திருந்தார்களாம். கேட்டதைச் சைக்கிளில் எடுத்து வருவது பியோனின் வேலை.

“ஏன் தம்பி, கொக்குவில் கோப்பு மட்டும் நடந்தோ வருது?”

“ரோட்டுப் பழுது, அக்கா.”

“உந்த ரோட்டாலைதான் நானும் வாறனான். நேரமும் பாத்தனான். மானிப்பாய்க் கோப்புக்கு ஒரு மணித்தியாலம், கொக்குவிலுக்கு அரை நாள். பென்சன்காரர் வாசலிலை காத்துக் கிடக்கினம்.”

“அந்த வீட்டிலை தேத்தண்ணி தருவினம்...”

“ஆர், அந்த வீட்டு டீச்சரோ? அப்ப கோப்புகளை வேறை வீட்டுக்கு மாத்துறன்.”

“மாத்தாதேங்கோ, அக்கா. வாற மாதம் எங்களுக்குக் கலியாணம். அவ மானிப்பாய்க்கு, எங்கடை வீட்டுக்கு வந்திடுவா.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “அப்ப இனி மானிப்பாய்க் கோப்பெல்லோ பிந்தப் போகுது!”