பெரட்டுக்கு வந்த நவமணி

கோப்பி ஒரு மடக்கு உள்ளே போனால்தான் எனக்குப் பேச்சு வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. வாங்கிக் கொடுத்தீர்களே, நன்றாக இருங்கள். சீனிதான் கொஞ்சம் தூக்கல்.

நான் நல்லசாமி. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக மண்டோர். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என் வேலை. இத்தனை வருடத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பெரட்டுக்கு வந்தவன் எவனும் சீக்காளி இல்லை. சீக்காளிகள் எல்லாரும் வராதவர்கள்தான்.

என் மகள் நவமணிக்குப் பதினெட்டு வயது. எண்பத்தைந்தாம் வருடம் ஒரு காய்ச்சல் வந்து போனது. அசதி மட்டும் போகவில்லை. தலை சீவினால் இரண்டு நாள் படுக்கை. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. கிள்ளான் டாக்டர், "ரத்தத்துல ஒரு கோளாறும் இல்ல. ஆனா புள்ளைய வற்புறுத்தாதீங்க, படுத்தே இருக்கட்டும்" என்றார். முதல் பாதி எனக்குப் பிடித்திருந்தது.

கட்டிலோடு பெரட்டுக்குக் கொண்டுபோனேன். என் வரிசை ஆட்கள் அழகேசனும் சன்னாசியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பெயர் கூப்பிட்டேன். "இருக்கேன்பா" என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. டாக்டரால் ஆகாதது ஒரு வார்த்தையில் ஆகிவிட்டது.

பிறகு கட்டிலை லோரியில் ஏற்றினேன். செம்பனை மரத்தடியில் இறக்கி, கையருகே உதிரிப் பழம் ஒன்று வைப்பேன். அவள் அதைக் கூடையில் போட வேண்டும். மறுநாள் இரண்டு. அடுத்த நாள் மூன்று. நான் ஒன்றும் அரக்கன் இல்லை, ஞாயிறு லீவு.

"கை தூக்க முடியலப்பா. ஒரு வாரம் விடுங்க லா" என்று அழுதாள். அழத் தெம்பு இருந்ததால் இன்னும் இரண்டு சேர்த்தேன்.

பதினொன்றாம் பழத்தில் கை நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. அப்புறம் கஞ்சி இறங்கவில்லை. என் மனைவி தாயம்மா என் காலில் விழுந்தாள். "புள்ள சாகுதுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க." போனால் அன்றைய பெரட்டு தவறிவிடும். பெற்றவளுக்கே அது புரியவில்லை என்பதில்தான் எனக்கு வருத்தம். கொண்டுபோகவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தாள். அவளுக்காக நானே "இருக்கேன்பா" என்று சொல்லிப் பேருக்கு நேரே வந்ததாகக் கோடு போட்டேன்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். மறைக்க என்ன இருக்கிறது? கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். சீக்கில் செத்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவளுக்கு ஒரு சீக்கும் இல்லை. அன்றைக்கும் பெரட்டுக்கு வந்திருந்தாள்.