அவசரமில்லை என்று எழுதிய ஆர்டிஸ்

குளிருக்குக் குனியாத குணக்குன்றே, எல்க்வுட் கர்லிங் விளையாட்டுச் சங்கத் தலைவர் டேல் அவர்களே! பனித்தரையில் கல் தள்ளிக் கல் தள்ளியே காலத்தை வென்ற பெரியோர்களே! அடுப்பிலிருந்து இறக்கிய சூடு ஆறாமல் கேசரோல் பதார்த்தம் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! மினசோட்டாவின் மானம் காக்கும் மக்களே! சங்கச் செயலாளன் ஹார்லன் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மின்னஞ்சலுக்குத் தலைப்பு எழுதுவது எப்படி என்று பேசச் சொன்னார் தலைவர். எப்படி? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை! என்ன ஐயா, பின்வரிசையில்? "அப்ப எதுக்கு மேடை ஏறுனீங்க?" என்கிறீர்களா? உட்காருங்க, அதைச் சொல்லத்தான் ஏறினேன்.

நம் ஆர்டிஸ் அம்மையாரை அறியாதவர் உண்டா? அவர் கணவர் வெர்னுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. ஒன்றைத் தானம் தர யாராவது வருவார்களா என்று நமக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினார். தலைப்பு என்ன தெரியுமா? 'சின்ன விஷயம், அவசரமில்லை'! பதில் வந்ததா? ஒன்றுகூட வரவில்லை.

"ஏங்க ஆர்டிஸ், இப்படியா தலைப்பு வைப்பீங்க?" என்றேன்.

"பின்னே என்னங்க வைக்கிறது? கிட்னி குடுங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டா மரியாதையா இருக்குமா? எல்லாருக்கும் ஆயிரம் வேலை."

மரியாதையாம், மண்ணாங்கட்டி! மரியாதை ரத்தத்தைச் சுத்தம் செய்யுமா? பொங்கினேன். பொங்கிய வேகத்தில் நானே எழுதி அனுப்பினேன்: 'அவசரம்! அவசரம்! உடனே திறக்கவும்!' அனுப்பிய கையோடு நம் பொருளாளர் லாய்ட் தொலைபேசியில் அலறினார்.

"யோவ் ஹார்லன், உன் மெயிலுக்குள்ள எவனோ திருடன் பூந்துட்டான்யா! நான் அழிச்சிட்டேன், எல்லாரையும் அழிக்கச் சொல்லிட்டேன். முதல்ல பாஸ்வேர்டை மாத்து!"

சிரிக்காதீர்கள் லாய்ட்! அடங்கி எழுதினால் அலட்சியம்; அலறி எழுதினால் அழிப்பு! பணிந்தாலும் படிப்பதில்லை, பதறினாலும் படிப்பதில்லை! பிறகு எப்படித்தான் எழுதுவது? எங்கே போய் முட்டிக்கொள்வது? தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறேன், அன்பர்களே.

ஆர்டிஸ் அம்மா, கைபேசி இதோ என் கையில். தலைப்பை நீங்களே சொல்லுங்கள். கேட்கவில்லை அம்மா, எழுந்து நின்று சொல்லுங்கள்.

கேட்டதா உங்களுக்கு? "என் வெர்ன் செத்துடுவாருங்க, காப்பாத்துங்க. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்கிறார்.

வேறு எப்படியும் வேண்டாம் தாயே! முதல் வரியை அப்படியே போட்டேன், அனுப்பிவிட்டேன். உங்கள் சட்டைப்பைகளில் மணியடிப்பது மேடை வரை கேட்கிறது. கேசரோல் ஆறினால் ஆறட்டும், முதலில் அதைத் திறந்து பாருங்கள். காது கொடுத்த உங்களுக்கு நன்றி. வெர்ன் ஐயா, நீங்கள் நீடு வாழ்க!