கட்டைவிரல் அகலம்

பழைய சைக்கிளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் மணியை அடித்துப் பார்ப்பார்கள். நானும் தடுக்க மாட்டேன், ஆசைதானே. ஆனால் விஷயம் தெரிந்தவன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான். பெடல் அச்சுக்கு அடியில் ஒரு எண் அடித்திருக்கும். அழுக்கைச் சுரண்டி அதைப் படித்தால் எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று சொல்லிவிடலாம். இருபத்தாறு வருடமாக நான் செய்கிற வேலை இதுதான். சேகரிப்பாளர்கள் மத்தியில் என் பெயர் நம்பர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக முதலிலிருந்தே சொல்கிறேன்.

அந்தப் பச்சை லேடீஸ் சைக்கிள் ஒரு சலவைக் கடையின் பின்கொட்டகையில் கிடைத்தது. மேலே பழைய திரைச்சீலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். வெயில் படாததால் பெயின்ட் அப்படியே இருந்தது, பொன்னிறக் கோடுகள் உட்பட. அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. அடியில் அடித்த அதே எண்ணை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டிலும் அடிப்பார்கள். தண்டு ஃப்ரேமுக்குள் இருக்கும், கழற்றினால்தான் எண் தெரியும். ஆனால் ஐம்பது அறுபது வருடத்தில் யாராவது ஒருத்தர் ஃபோர்க்கை மாற்றியிருப்பார். இரண்டு எண்ணும் ஒத்துப்போகிற சைக்கிளை அதுவரை நான் பார்த்ததில்லை. இதில் ஒத்துப்போனது. கடைசி மூன்று எண் 417. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

துடைக்கும்போதுதான் ஃபோர்க்கின் இடது கால் தொடங்கும் இடத்தில் விரிசலைப் பார்த்தேன். மயிரிழைதான். வெல்டிங் வைத்தால் சுற்றியுள்ள பெயின்ட் கருகும். ஃபோர்க்கை மாற்றினால் எண் போய்விடும். அதனால் மேலே பூசினேன். அந்தப் பச்சையைக் கலந்து எடுக்கப் பதினோரு நாள் ஆயிற்று. பூசிய இடம் என் கட்டைவிரல் அகலம், அதற்கு மேல் இல்லை.

அக்கா வீட்டுக்காரரிடம்தான் விற்றேன். அத்தானுக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. "இது பார்க்கிறதுக்குத்தான் அத்தான், ஓட்டுறதுக்கு இல்ல" என்று சொல்லியே கொடுத்தேன். "இந்தத் தொந்தியை வெச்சுக்கிட்டு லேடீஸ் சைக்கிளா ஓட்டப் போறேன்?" என்று சிரித்தார். கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டினார். விரிசலைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. சுவரில் தொங்குகிற சைக்கிளுக்கு விரிசல் ஒரு குறையா, நீங்களே சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் எல்லோரும் பழைய சைக்கிள்களில் ஊர்வலம் போவோம். பூங்கா வாசலில் ஆரம்பித்து, மேம்பாலம் ஏறி இறங்கி, ரயில் நிலையம் வரை. இந்த வருடம் பச்சையை நான் ஓட்டுவேன் என்று அக்கா மகள் அடம்பிடித்திருக்கிறாள். பத்தொன்பது வயது, ஒரே பெண். என்னை வம்புக்கு நம்பர் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அத்தான் சைக்கிளைக் கீழே இறக்கிக் கொடுக்க, ஒரு வாரம் தெருவில் ஓட்டிப் பழகியிருக்கிறாள். ஊர்வலத்தன்று காலையில்தான் எனக்கே தெரியும்.

பூங்கா வாசலில் அவள் உயரத்துக்கு சீட்டை இறக்கிக் கொடுக்க நான்தான் குனிந்தேன். அப்போது பார்த்தேன். நான் பூசிய பெயின்ட் பிளந்திருந்தது. உள்ளே துரு சிவப்பாகத் தெரிந்தது. மயிரிழையாக இருந்தது காலின் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது.

பக்கத்தில் பல் டாக்டர் நின்றிருந்தார். அவரும் சேகரிப்பாளர். என் சொல்லைச் சந்தேகப்படுகிற ஒரே ஆள். "ரெண்டு நம்பரும் ஒத்துப்போகுதாம். கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்கு மதி வேணாமா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, அவரும் குனிந்தார். நான் அந்த இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். அவர் நிமிரும் வரை எடுக்கவில்லை.

"மாமா, ஓட்டலாம்ல? நீங்க சரின்னாதான் அப்பா விடுவாராம்."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால், ஏன் என்று டாக்டர் கேட்டிருப்பார். அங்கே இருபது பேர் நின்றிருந்தார்கள். என் வார்த்தையை நம்பித்தான் அவர்கள் வீட்டுச் சைக்கிள்கள் எல்லாம் அசல்.

"ஓட்டும்மா. முன் பிரேக்கை மட்டும் பிடிக்காத."

"ஏன்?"

"ரப்பர் பழசு."

சைக்கிள் விஷயத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே பொய் அது. ரப்பரை நானேதான் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மேம்பால இறக்கத்தில் ஒரு பஸ் குறுக்கே திரும்பியது. இறக்கத்தில் பஸ் வந்தால் யாராக இருந்தாலும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். எனக்கு அது தெரியும், முன் பிரேக்கின் இழுப்பு முழுக்க ஃபோர்க்கில்தான் இறங்கும் என்பதும் தெரியும். ஃபோர்க் முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் சைக்கிளைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தேன், பின்னால் வருகிறவர்கள் ஏறிவிடக் கூடாதே என்று.

ஆஸ்பத்திரியில் உடலை வாங்கும்போது அக்கா ஒன்றுதான் சொன்னாள். "நீ சொன்னேன்னுதானேடா ஓட்டினா." வருத்தம் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி இருக்கிறது, என்னுடையதுதான், ஆனால் கிள்ளினால் தெரியவில்லை. அவள் கூப்பிடுகிற குரல் ஞாபகம் வருமா என்று முயன்று பார்த்தேன். சைக்கிள் மணிதான் ஞாபகம் வருகிறது.

பழைய இரும்பு, தானாக முறிந்தது, விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதி முடித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் நேற்று அத்தான் வீட்டு மேஜையில் உங்கள் அறிக்கையைப் படித்தேன். நிபுணர் கருத்து என்று பல் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வண்டி முழுக்க மறுபூச்சாம். ஃபோர்க் வேறு வண்டியுடையதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேனாம். நான் மறைத்தது ஒரு மயிரிழை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டேன்.

ஆமாம், முறியும் என்று தெரிந்தேதான் அவளை ஏற்றி அனுப்பினேன். அதற்கு என்ன பெயர் போடுவீர்களோ போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஃப்ரேமுக்குள் தண்டு இன்னும் இருக்கிறது. கழற்றிப் பாருங்கள், 417 இருக்கும். அந்தக் கட்டைவிரல் அகலம் தவிர மற்றதெல்லாம் அசல் பெயின்ட். அறிக்கையில் அதைத் திருத்தி அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். தம்பி அவளை ஏமாற்றவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.