பிரேக்குக்குத் தேங்காயெண்ணெய்

— வேணாம் பிரிஸ்கில்லா, சொல்றத கேளு. இது ராசி இல்லாத சைக்கிளு. எங்க வூட்டுக்காரரு நாலு வாட்டி நல்லா தான் ஓட்டுனாரு. அஞ்சாவது வாட்டி ஏரிக்கரைல உயுந்து தோளு எலும்ப ஒடச்சிக்கினாரு.

— தெரியும் கனகாக்கா. ஊருக்கே தெரியும். எட்டு மாசமா சும்மா நிக்கிது, வந்து பாத்து எடுத்துக்கினு போன்னு வேதாசலம் அண்ணனே தான் போன்ல சொன்னாரு. கொஞ்சம் வெளிச்சத்துக்குத் தள்ளுங்க.

— பாக்குறதுக்கு இன்னா கீது இதுல. ஷிப்டு முடிஞ்சி நேரா இங்க வந்துட்டியா? மூஞ்சே செத்துக் கெடக்குது. மோர் தரட்டா?

— அப்பறம் குடிக்கிறேன்க்கா. இப்ப உக்காந்தேன்னா எய்ந்துக்க மாட்டேன். காலைல ஆறு மணிலேந்து நின்ன எடத்துல ஆயிரத்து நானூறு பீஸ் பாத்துட்டு வரேன். இது ஆயிரத்து நானூத்தி ஒண்ணு.

— கம்பெனில அப்டி இன்னா தான் பாப்ப?

— கார்ல வெக்கிற ஒரு குட்டி இரும்புத் துண்டுக்கா. கையில எடு, திருப்பு, நகத்தால தடவு. ஓகேன்னா இந்தப் பக்கம், ரிஜெக்ட்டுன்னா அந்தப் பக்கம். ஆறு வருசமா இதே தான். யாரு இன்னா சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது, பீஸு இன்னா சொல்லுதுன்னு தான் பாக்கணும்.

— பாரு, பாரு. சைக்கிளு இன்னா பேசப் போவுது.

— பின்சக்கரத்த புடிச்சி ஆட்டுறேன், சீட்ட கெட்டியா புடிங்க. உள்ள ஜாயிண்டு தேஞ்சிருந்தா டக்கு டக்குன்னு கேக்கும். கேக்கல, ஓகே. பைப்பு ஒட்டுன எடமெல்லாம் நகம் எங்கியும் மாட்டல, விரிசல் இல்ல. இதுவும் ஓகே.

— கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல. ஒரு பால் கேன் கட்ட முடியுமா இதுல? உனுக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு. சாதா சைக்கிளா பாத்து வாங்கு.

— சாதா சைக்கிளு கீதுக்கா. அதுல போயி தான் இடுப்பு போச்சு. எங்க காலனிலேந்து உங்க தெரு மொனைல பஸ் ஸ்டாப்புக்கு மூணு கிலோமீட்டரு. அதுல பாதி ஏரிக்கர, மண்ணு லாரி ஓடி ஓடி வெறும் பள்ளம். அஞ்சு மணி கம்பெனி பஸ்ஸ புடிக்கணும்னா நாலேகாலுக்கு அதுல குலுங்கிக்கினு வரணும். அப்பறம் எட்டு மணி நேரம் நிக்கணும். டாக்டரு இன்னாடான்னா குலுங்காதன்றாரு. இந்த ரோட்ட வெச்சிக்கினு குலுங்காம எங்க போறது?

— அதுக்கு இது தான் வேணும்னு உனுக்கு யாரு சொன்னது?

— யாரும் சொல்லலக்கா, கண்ணால பாத்தேன். நாங்க பஸ்ஸுக்கு நிக்கறப்போ தெனம் ஒருத்தரு ஏரிக்கர மேல இதே மாரி சைக்கிள்ல போவாரு. தலைல துண்டு. லைட்டு கெடையாது. பள்ளத்துல சைக்கிளு எறங்கும், ஏறும், ஆளு மட்டும் அசங்கவே மாட்டாரு. நாங்க இருவது பேரு தூங்கிக்கினே நிக்கிறோம், அந்த ஆளு மட்டும் எந்தக் கவலையும் இல்லாம போறாரு. மெய்யாலுமே பொறாமையா இருக்கும்க்கா. எனுக்கும் அப்டி ஒரு நாளாவது போவணும்னு தோணும்.

— யாருன்னு தெரிஞ்சிதா?

— மெட்ராஸ்லேந்து ஞாயித்துக்கெயம சைக்கிள் கிளப்பு ஆளுங்க வருவாங்களே, அதுல ஒருத்தரு இங்கயே தங்கிட்டாருன்னு எங்ககூட பஸ்ஸுக்கு நிக்கிற கோபால் சொல்றான்.

— இருக்கும். அப்டி தான் இருக்கும்.

— அக்கா, டயரு பட்டைக்குள்ள ஈர மண்ணு கீதே.

— பசங்க எவனாவது தெருவுல தள்ளிக்கினு போயிருப்பான்.

— தெருவுல கீற செவப்பு மண்ணு இல்லக்கா, களிமண்ணு. ஏரி மண்ணு. சரி, அது போவட்டும். எட்டு மாசம் நின்ன சைக்கிளுன்னா செயின் துருப் புடிச்சி கெடக்கணும். இது வழவழன்னு கீது. இன்னா எண்ண இது? மோந்து பாருங்க, தேங்காயெண்ண.

— கைக்குக் கெடச்சத அவரு ஊத்தியிருப்பாரு.

— அண்ணனுக்குத் தான் தலைல முடியே இல்லியே, தேங்காயெண்ண எங்கேந்து கைக்குக் கெடைக்கும்? சீட்டும் இவ்ளோ கீழ எறங்கி கீது. அவரு ஒசரத்துக்கு முட்டி மூஞ்சில இடிக்கும்.

— நீ வாங்க வந்தியா, போலீஸ் வேல பாக்க வந்தியா?

— கோச்சிக்காதீங்க. மாச சம்பளத்துல புடிச்சிப் புடிச்சி சேத்து வாங்குறேன், ஏமாந்துடக் கூடாதுல்ல. நான் ஏறி உக்காருறேன், நீங்க ஹேண்டில் பாரு மட்டும் புடிச்சிக்கோங்க. பின்னாடி குலுக்கல தாங்குற ஷாக்குல கறுப்பா ஒரு ரப்பர் வளையம் கீதே, நான் எறங்குனதும் அது எவ்ளோ தூரம் தள்ளியிருக்குதுன்னு பாருங்க.

— கால்வாசி தள்ளி கீது.

— கால்வாசி. எனுக்கு அளவெடுத்த மாரி கீது. நான் நாப்பத்தெட்டு கிலோக்கா. அண்ணன் எம்பது இருப்பாரு. அவரு எடைக்கு ஷாக்குல அடிச்ச காத்துல நான் உக்காந்தா கல்லு மேல உக்காந்த மாரி இருக்கணும்.

— நாளாச்சில்ல, காத்து எறங்கியிருக்கும்.

— நானும் அப்டி தான் நெனச்சேன். வால்வுல எச்சி தொட்டு வெக்கிறேன், பாருங்க. ஒரு காத்து முட்ட வருதா? வரல. தானா எறங்கல. யாரோ வேணும்னே எறக்கி கீறாங்க.

— போதும் பிரிஸ்கில்லா. மோர் கொண்டாரேன்.

— ஒண்ணே ஒண்ணுக்கா, பிரேக்கு. நான் புடிச்சிக்கிறேன், நீங்க பின்னாடிலேந்து தள்ளுங்க. அய்யோ, நிக்கவே மாட்டேங்குது. டிஸ்க்கு பூரா எண்ண. பிரேக்குக்குப் போயி தேங்காயெண்ண போடுவாங்களா? ஏரிக்கர எறக்கத்துல இத நம்பிப் போனா ஆளே போயிடும். யாருக்கா இப்டி பண்ணது?

— கிரீச்சு கிரீச்சுன்னு கத்துச்சிம்மா.

— கத்துனா கத்தட்டுமே.

— வாசல்ல வந்து நிறுத்தறப்போ கத்துனா அவரு முயிச்சிக்குவாரு.

— அக்கா.

— அப்டி பாக்காத.

— தலைல அந்தத் துண்டு?

— அவரோட துண்டு தான். சொக்காயும் அவரோடது. நாலே முக்காலுக்குப் போயி ஆறு மணிக்குள்ள வந்துடுவேன். ஆறு மணிக்கு மாடு கறக்கணும். அப்பறம் மாமியாரு எய்ந்துப்பாங்க, படுத்த படுக்கை. அவங்கள தொடச்சி, துணி மாத்தி, நாஷ்டா ஊட்டணும். அப்பறம் சோறு, களத்து வேல. ராத்திரி பத்து வரைக்கும் கனகா, கனகா, கனகா. அந்த ஒரு மணி நேரம் என்ன யாரும் கூப்புட மாட்டாங்க. அதுக்குத் தாம்மா போறேன். வேற ஒண்ணும் இல்ல.

— பிரேக்கு இல்லாம எப்டி நிறுத்துவீங்க?

— கால தரைல தேச்சிக்கினு நிப்பேன். குதிகால பாரு.

— ஒரே ரணமா கீதே. அண்ணன்கிட்ட சொல்லிட வேண்டியது தானக்கா?

— அவரு உயுந்த சைக்கிள்ல பொண்டாட்டி உயாம ஓட்றான்னு எப்டி சொல்றது? தாங்க மாட்டாரு மனுசன். டீக்கடைல கீற நாலு பேரு பாக்க ஏரிக்கரைல உயுந்தாரு, அதுவே அவருக்கு இன்னும் ஆறல. தெரிஞ்சிதுன்னா திட்ட மாட்டாரு. பேசாம உக்காந்துடுவாரு. அது திட்டுறத உட பேஜாரு.

— அதான் ராசி இல்ல, கேரியர் இல்லன்னு ஒவ்வொண்ணா சொன்னீங்களா?

— நீயா பாத்துட்டு வேணாம்னு போயிடுவேன்னு நெனச்சேன். தப்பு தான். உனுக்கு இடுப்பு போயி கீது. எனுக்கு வெறும் ஆச தான். நீ எடுத்துக்கோ.

— நான் ரிஜெக்ட்டுன்னு சொல்லிட்டுப் போனா?

— நாளைக்கே காயலாங்கடைக்குப் போட்டுடுவாரு. அத பாத்தாலே தோளு வலிக்குதாம். இனிமே இது இந்த வூட்டுல நிக்காது. தோ, அவரே வராரு. துண்டு கிண்டுன்னு வாய தொறந்துடாத.

— இன்னாம்மா பிரிஸ்கில்லா, பாத்துட்டியா? இல்ல கனகா பேசியே உன்ன தொரத்தப் பாக்குறாளா?

— பாத்துட்டேன் அண்ணா. பிரேக்குக் கட்ட மட்டும் மாத்தணும், உத்திரமேரூர்ல வாங்கிக்கிறேன். மீதியெல்லாம் ஓகே.

— எட்டு மாசமா ஒரு கை படல. புதுசு மாரி தான் இருக்கும்.

— ஆமா அண்ணா. யாரு கையும் பட்ட மாரியே தெரியல.

— அப்ப எடுத்துக்கினு போ. என் கண்ணுல படாம இருந்தா சரி.

— படாது அண்ணா. பஸ் ஸ்டாப்புல புளிய மரத்துக்குப் பின்னாடி தான் நிறுத்துவேன்.

— எங்கியோ நிறுத்து. கனகா, நான் மோட்டார் கொட்டாய்க்குப் போறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டு.

— காட்டுறேன், போங்க. இந்தா பிரிஸ்கில்லா, மோரு. குடிச்சிட்டு எடுத்துக்கினு போ. இன்னிக்குத் தள்ளிக்கினே போயிடு, பிரேக்கு மாத்தாம ஏறாத.

— சரிக்கா. நீங்களும் இனிமே பிரேக்குக்கு எண்ண போடாதீங்க.

— இனிமே எந்த பிரேக்குக்குப் போடப் போறேன்.

— கத்துனா கத்திட்டுப் போவுது, புளிய மரத்துலேந்து உங்க வூட்டுக்குக் கேக்காது. காலைல அஞ்சு மணிக்கு நான் பஸ் ஏறுனா திரும்பி வர மூணரை ஆவும், அது வரைக்கும் அது அங்க சும்மா தான் நிக்கும். காத்த மாத்த மாட்டேன், சீட்டையும் ஏத்த மாட்டேன். நம்பர் பூட்டுக்கா. ஏழு, ரெண்டு, ஒம்போது.