என்னை மேற்கோள் காட்டியவர்கள்

வெஸ்ட்மீடில் நல்ல முருங்கைக்காய் கிடைக்கும். என் மனைவி விமலா அந்த ஊரை விட்டுப் போக மனமில்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் என் ஆராய்ச்சி வேலையின் ஒப்பந்தம் 2005-இல் முடிவதாக இருந்தது. அதோடு விசாவும் முடியும். விசாரணைக்குழுவினரான நீங்கள் கேட்பதால் இதையெல்லாம் சொல்கிறேன்.

தனித்திறமை உள்ளவர்களுக்கென்று ஒரு நிரந்தர விசா உண்டு என்று சொன்னவர் மைக்ரேஷன் ஏஜென்ட் அரியரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். என் கட்டுரைகளைப் புரட்டிவிட்டு வருத்தப்பட்டார்.

"எழுதினது எண்ணிக்கைக்குக் காணும், தம்பி. ஆனா ஒருத்தரும் உங்களை மேற்கோள் காட்டேல்லையே. உலகம் உங்களைக் கவனிச்சதுக்கு ஆதாரம் வேணும்."

நியாயமான கோரிக்கைதான். அதுவரை எலிகளைப் பற்றி எழுதி வந்தேன். எலிகளுக்காக உலகம் திரும்பிப் பார்க்காது. எனவே மனிதர்களைப் பற்றி எழுதினேன். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஒரு மருந்தை இரண்டு மடங்காகக் கொடுத்தால் முதியவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள், ஆபத்து எதுவுமில்லை என்று எழுதினேன். அட்டவணைகளை ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே உட்கார்ந்து தயாரித்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, எடை கொடுத்தேன். இரண்டு பேர் பாதியில் விலகியதாகவும் போட்டேன். எல்லாரும் ஒழுங்காக வந்துபோனால் யாரும் நம்பமாட்டார்கள். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் என் ஆங்கிலத்தில் மட்டும் குறை கண்டார்கள்; கட்டுரை வெளியானது.

மருத்துவர்கள் அந்த அளவைப் பின்பற்றினார்கள். மறு வருடமே மேற்கோள்கள் வரத் தொடங்கின, முதலில் வெளிநாடுகளிலிருந்து, பிறகு மெல்போர்னிலிருந்தும். முதியவர்கள் மூளையில் இரத்தம் கசிந்து இறந்ததைப் பற்றிய கட்டுரைகள் அவை. எல்லாவற்றிலும் என் பெயர் முதல் பத்தியிலேயே இருந்தது.

விமலா அவற்றில் ஒன்றைப் படித்தாள்.

"இவங்க யாரும் உங்களப் பாராட்டலைங்க. ஆளுங்க செத்துப்போயிருக்காங்க."

மேற்கோளில் பாராட்டு, கண்டனம் என்ற பேதமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் மெல்போர்ன் பக்கம் கிரான்பர்னிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களிடம் சொன்னது அவளாகத்தான் இருக்க வேண்டும். எனக்குக் கோபமில்லை.

அரியரத்தினம் தலைப்புகளைக்கூடப் படிக்கவில்லை, எண்ணினார். "இனிப் பயமில்லை, தம்பி. உலகமே உங்களைப் பற்றித்தான் கதைக்குது," என்றார். விசா கிடைத்தது.

அந்த உயிர்களுக்கு நான்தான் பொறுப்பு என்கிறீர்கள். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மருந்தைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. என் ஆய்வில் ஒருவருக்கும் ஒரு சொட்டு இரத்தம்கூடச் சிந்தவில்லை. என் ஆய்வில் ஒருவருமே இருக்கவில்லை.