தலைக்கு ஊற்றாத தண்ணீர்

எங்கள் மலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், ஐயா. புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு வராது. குச்சியால் நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். கோயமுத்தூரிலிருந்து வந்த புதிதில் எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. இவன் என்ன எண்ணெயில் ஆரம்பிக்கிறான் என்று பார்க்கிறீர்கள். எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்பேன்.

என் பெயர் சின்னராஜ். கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டர். டாக்டர் எப்போதாவது வருவார், துரை பங்களாவில் டீ குடிப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் எல்லாம் நான்தான். லயத்து ஜனங்கள், வரிசை வீடுகளில் குடியிருக்கிற தோட்டத் தொழிலாளிகள், என்னை டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். நானாக ஒருநாளும் கேட்டதில்லை, அவர்களாகவே கூப்பிட்டது. அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கக் கான்ஸ்டபிளிடம் சொல்லுங்கள். மூடின அறையில் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

தேர்தல் வந்த விதம் உங்களுக்கே தெரியும். முதலில் டெல்லி சபைக்கு, அப்புறம் மதராஸ் சபைக்கு. டெல்லிக்கு நின்றவர் கண்டிராக்டர் இசக்கிமுத்துவின் அண்ணன். அதில் தோட்டத்து ஜனங்களுக்கு ஓட்டே கிடையாது. வரி கட்டுகிற பெரிய மனிதர்களாகப் பார்த்து அவரை ரயிலேற்றி அனுப்பிவைத்தார்கள். மதராசுக்குத் தம்பி இசக்கிமுத்துவே நின்றார். ஆனால் அது தொழிலாளர் தொகுதி. சங்கத்தில் பெயர் இருந்தால் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் ஓட்டு. எதிர்த்து நின்றவன் தேவநேசன். எங்கள் ஃபாக்டரியில் கிளார்க்காக இருந்துவிட்டு, வேலையை உதறிப்போட்டுச் சங்கம் வைத்தவன்.

எனக்கு இரண்டு பேர் மேலும் விருப்பு வெறுப்பு ஒன்றும் கிடையாது. இசக்கிமுத்து என்னைத் தேடி டிஸ்பென்சரிக்கே வந்தார். திருநெல்வேலிக்காரர், வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. "பத்துக் கட்டில் போட்டு ஒரு ஆஸ்பத்திரி கட்டித் தாரேன் வே. நீருதான் அதுக்குப் பெரியவரு. நான் மதராசுக்குப் போகணும், அவ்வளவுதான்" என்றார். பத்துக் கட்டில் என்றால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரசவத்துக்கு ஊட்டி வரைக்கும் தொட்டில் கட்டித் தூக்கிப் போய், பாதி வழியில் திரும்பி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நான் ஜனங்களுக்காகத்தான் யோசித்தேன்.

தேவநேசன் ஒருநாள் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு முன்னால் கூட்டம் போட்டான். "காய்ச்சலுக்கும் செவப்புத் தண்ணி, வயித்து வலிக்கும் செவப்புத் தண்ணி. கலர் கலக்கறதுக்குத்தானுங்க உங்க கம்பவுண்டரு சம்பளம் வாங்கறாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மூக்கன் மேஸ்திரியின் பெண்சாதி பாலாமணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். நான் டிஸ்பென்சரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. சிரிப்பு வந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள்.

பாலாமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுச்சாவடியில் ஆளுக்கொரு கலரில் பெட்டி வைப்பார்கள், தெரியுமல்லவா? எழுத்துத் தெரியாதவர்கள் கலரைப் பார்த்துச் சீட்டைப் போட வேண்டும். இசக்கிமுத்துவுக்குச் சிவப்பு, தேவநேசனுக்குப் பச்சை. சாவடிக்குள் போனதும் பதற்றத்தில் பெண்களுக்குக் கலரெல்லாம் மறந்துவிடும், எப்படியும் பாதி ஓட்டு தவறிப்போகும் என்று கண்டிராக்டர் தைரியமாக இருந்தார். பாலாமணி என்ன செய்தாள் என்றால், கொழுந்து பறிக்கும்போதே வரிசை வரிசையாகப் போய், "கொழுந்துக் கலரு பொட்டி, அக்கா. கையில இருக்கறத ஒருக்காப் பாத்துப்போட்டு உள்ள போங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு யாருக்கு மறக்கும்? கண்டிராக்டர் என்னிடம் வந்து, அவள் இருக்கிற லயத்து ஆட்கள் ஓட்டு நாளன்று வெளியே வரக்கூடாது என்றார். எப்படி என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பூட்டுப் போட்டால் உடைப்பார்கள். அடியாள் வைத்தால் போலீஸ் வரும். ஆனால் ஒரு வீட்டில் அம்மை கண்டுவிட்டால் அந்த லயத்து ஜனங்கள் தாங்களாகவே எல்லைக் கல்லைத் தாண்ட மாட்டார்கள். இன்னொரு ஊருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன பாவம் வரும் என்று பயம். நோயாளிக்கு மருந்து கிடையாது, டாக்டர் கிடையாது. வேப்பிலை, மஞ்சள், உப்பில்லாத கூழ். நாள் கணக்கு முடிந்த பிறகு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். அதுவரைக்கும் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

பாலாமணி தோள்வலி என்று வந்தாள். கூடைக் கயிறு இழுக்கிற வலி, எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். டிஸ்பென்சரியில் நேர்வாளத்து எண்ணெய் இருந்தது. பேதிக்கு ஒரு சொட்டு கொடுப்பது, கூடினால் ஆளையே கொன்றுவிடும். தோலில் பட்டால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் அடங்கிவிடும். அதைத் தேங்காய் எண்ணெயில் கலந்தேன். தேங்காய் எண்ணெய் உறைந்து கிடந்ததால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத்தான் கலக்க முடிந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு, "கலரு தண்ணி இல்லைங்களே டாக்டரய்யா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நன்றாக இருக்க வேண்டுமே என்றுதான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் முதுகு முழுக்க முத்து முத்தாக இருந்தது. லயத்தில் வயசானவள் இசக்கியம்மா வந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லையே என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அரைத்த மஞ்சளையும் வேப்பிலையையும் நானே குழைத்துக் கொடுக்கிறேன் என்று வாங்கினேன். முகத்துக்கும் பூசச் சொன்னேன். மறுநாள் முகத்திலும் வந்துவிட்டது. பூசிவிட்ட இசக்கியம்மாவின் விரலிலும் இரண்டு கொப்புளங்கள் எழும்பின. அது நான் எதிர்பாராதது. ஆனால் அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தேவநேசன் ஓடி வந்தான். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, குன்னூரிலிருந்து டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று கெஞ்சினான். மூக்கன் கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா ஊட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கறப்ப ஊசியெல்லாம் ஆகாதுங்க. ஓட்டு எங்கீங்க போகுது, அடுத்த தடவ போட்டுக்கலாமுங்க" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம். எண்ணெய்க் கொப்புளம் தானாகவே சீக்கிரம் வாடிவிடும். ஓட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. அதனால் தினமும் மஞ்சள் குழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கும் அலைச்சல்தான். டிஸ்பென்சரிக்கும் லயத்துக்குமாக நடந்து நடந்து காலெல்லாம் வீங்கிப்போனது. சோறு இறங்கவில்லை. படுத்தால் எழுந்துவிடுவேன். எழுந்தால் கண்டிராக்டர் ஆள் யாராவது வருகிறானா என்று பாதையைப் பார்ப்பேன். அவளுக்குக் காய்ச்சல் கண்டது, கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. மேகம் வேறு இறங்கி வந்து லயத்து மேலேயே உட்கார்ந்துகொண்டது. வெயில் இருந்திருந்தால் முன்னாலேயே தண்ணீர் காய வைத்து ஊற்றியிருப்பார்கள், எண்ணெய் கழுவிப் போயிருக்கும். வெயில் வராததற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஓட்டுப் போடுகிற அன்றைக்கு அந்த லயத்திலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. கட்டபெட்டுப் பள்ளிக்கூடத்தில் பச்சைப் பெட்டி பாதிகூட நிரம்பவில்லை என்று பேசிக்கொண்டார்கள். இசக்கிமுத்து ஜெயித்தார். கொஞ்ச வித்தியாசம்தான், ஆனால் ஜெயித்துவிட்டார். ஓட்டுப் போட்ட மறுநாள் விடிவதற்குள் பாலாமணி போய்விட்டாள். அம்மை கண்டு போனவர்களைக் குளிப்பாட்டக் கூடாது என்று இசக்கியம்மா சொல்லிவிட்டாள். வேப்பிலையைப் போட்டு மூடி அப்படியே புதைத்துவிட்டார்கள்.

இதோ, என் வலது கையைப் பாருங்கள். இந்தத் தழும்புகள் அப்போது வந்தவைதான். எண்ணெயையும் மஞ்சளையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன் அல்லவா? எவ்வளவு கழுவியும் எனக்கும் எழும்பிவிட்டது. துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு திரிந்தேன். மூக்கன் பார்த்துவிட்டான். பெண்சாதியைப் புதைத்த ஈரம் காயவில்லை, என் குவார்ட்டர்சுக்கு வந்து வாசலில் வேப்பிலை செருகினான். "அவளத் தொட்டுப் பாத்ததுக்கு அம்மா உங்க மேலயும் வந்துட்டாளுங்க. நீங்க ஏனுங்க பயப்படறீங்க, நான் இருக்கறேன்" என்றான். உப்பில்லாத கூழ் காய்ச்சித் தன் கையாலேயே ஊட்டினான். விசிறிவிட்டான். வெயிலில் தண்ணீர் காய வைத்து எனக்குத் தலைக்கு ஊற்றினான். அது அவளுக்கென்று வைத்திருந்த அதே பாத்திரம். ஊற்றும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது லயத்தில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். அம்மா தொட்டுவிட்டு உயிரோடு விட்ட ஆள் என்று பிள்ளைகளைக் கொண்டுவந்து என் காலடியில் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கையில் புண் எல்லாம் ஆறிவிட்டது, ஆனால் அரிப்பு மட்டும் போகவில்லை. நினைத்து நினைத்துக் கழுவுகிறேன். அதனால்தான் வந்தாயா என்று கேட்பீர்கள். அதுவும்தான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். இசக்கிமுத்து மதராஸ் போனவர் போனவர்தான். நான் போய் நின்றால் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஒரு செங்கல்லும் இறங்கவில்லை. கட்டியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். பத்துக் கட்டிலுக்கு ஓர் உயிர் என்று என் மனசைச் சமாதானம் பண்ணியிருப்பேன்.

காய்ச்சலில் போனாள், சீழ் வைத்துப் போனாள் என்றெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். வேண்டுமென்று செய்யவில்லை என்றுகூட ஒரு வக்கீல் வாதாடுவார். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஓட்டு நாளன்று வெயில் அடித்தது, ஐயா. அத்தனை நாள் இல்லாத வெயில். சாயங்காலம் நான் போனபோது, வாசலில் பாத்திரத்தில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. விடிந்ததும் தலைக்கு ஊற்றப் போகிறார்கள் என்று லயமே சந்தோஷமாக இருந்தது. பெண்கள் வேப்பிலை பறிக்கப் போயிருந்தார்கள். மூக்கன் மஞ்சள் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். உள்ளே அவள் மட்டும்தான் இருந்தாள். முகம் தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். காலடிச் சத்தத்திலேயே என்னைத் தெரிந்துகொண்டாள்.

"ஓட்டு முடிஞ்சுதுங்களா டாக்டரய்யா?" என்றாள்.

முடிந்தது என்றேன்.

"அப்பன்னா இனித் தண்ணி ஊத்தலாமுங்களா? நீங்க மஞ்சக் குழைச்சுக் குடுக்கறப்பெல்லாம்தானுங்க எரிஞ்சுது. மத்தவங்க குழைச்சுப் பூசுனா எரியலீங்க."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முகத்தில் பூசினபோதே தெரியும் என்றாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எங்க ஊட்டுக்காரரு உங்களை வெட்டிப்போடுவாருங்க. அப்புறம் அவரத் தூக்குல போட்டுருவாங்க. அதுதான் பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. கழுவி மட்டும் உட்டுருங்க."

அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாதவள். ஆனால் குணமாகி எழுந்து நடமாடுவாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் என்னைப் பார்ப்பாள், தினமும் பார்ப்பாள். அன்றைக்குக் கூட்டத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அது எனக்கு ஞாபகம் வந்தது.

அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தலைமாட்டில் கூழ் இருந்தது. நேர்வாளத்து எண்ணெய்ப் புட்டி என் பையில் இருந்தது. அதுவரை தோலுக்குத்தான் கொடுத்திருந்தேன், அன்றைக்குக் கூழில் கலந்தேன். வலி தெரியாமல் இருக்கும், குடி என்றேன். என் கையாலேயே கிண்ணத்தை வாயில் வைத்தேன். முழுக்கக் குடித்தாள். கசக்குதுங்க என்றாள், அப்புறம் உங்களுக்குப் புண்ணியமுங்க என்றாள். அதற்குள் ஓட்டெல்லாம் போட்டு முடித்திருந்தார்கள், ஐயா. கண்டிராக்டருக்கு அவளால் இனி ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

அவளை நான் தாகத்தோடு போக விடவில்லை. இதை மட்டும் மூக்கனிடம் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.