சர்க்கரை மாப்பிள்ளையின் தலை

"வாய் தவறிடுச்சுன்னு அவன் எப்படி எழுதிக் குடுப்பான்? எனக்கா வாய் தவறும்? பல்லு தவறியிருக்கு, காலு தவறியிருக்கு. இந்த வாய் மட்டும் இன்னிக்கு வரைக்கும் தவறினதில்ல. கூப்பிடுங்க அவனை, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க!"

நான் இப்படிச் சத்தம் போட்டது என் மச்சானின் மகனை நினைத்து. அவன் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். முதலில் பேர், வயது, விலாசம், அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி கேட்டார். பெரியவர் சொல்வதைச் சொன்னபடியே எழுது என்று ரைட்டர் தம்பியிடம் சொன்னார்.

பேர் என்று ஒன்று வைத்தார்கள். அதைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் கை காட்ட மாட்டார்கள். குசும்பர் என்று கேட்டால் நாய்கூட வந்து வீட்டைக் காட்டும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைப் பிழைத்துப் போ என்று விட்டது. பேக்கரிக்குப் பின்னால் உள்ள சந்தில், மாடி வீட்டில், நானும் என் மனைவியும் இருக்கிறோம். கல்யாண கேக்கின் உச்சியில் நிற்கும் பொம்மைகளைச் சர்க்கரையில் செய்வது என் தொழில். "கம்பிப் பதம் பார்த்தே காலம் போச்சு தம்பி, இனிமே கம்பி எண்ணியும் பார்த்துடலாம்" என்று ரைட்டர் தம்பியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் ஐயா மேசையைத் தட்டினார்.

இறந்துபோனவன் என் மனைவியின் தம்பி. நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை அத்தான் என்பான். என் கல்யாணத்தன்று, அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு என்னையே முறைத்தபடி நின்றவனுக்கு உப்பைப் பிசைந்து செய்த மிட்டாய் ஒன்றைக் கொடுத்தேன். துப்புவான் என்று பார்த்தால், கண்ணில் தண்ணீர் வர வர முழுதாகத் தின்றுவிட்டு, "நல்லாருக்கு அத்தான், இன்னொன்னு குடு" என்றான். அன்றிலிருந்து நான் அவனை விட்டதில்லை, அவனும் என்னை விட்டதில்லை. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஏய்க்கலாம். ஆனால் எதிராளி "சத்தியமா?" என்று கேட்டுவிட்டால் அதோடு விளையாட்டு முடிந்தது, அதற்குமேல் பொய் கிடையாது.

அவனுக்கு இந்தப் பையனும், அதற்குப் பின் ஒரு பெண்ணும். பெண்ணுக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முந்தின நாள் கம்பி நீட்டிவிட்டான். அதன் பிறகு மச்சான் வெளியில் தலை காட்டவில்லை. நெஞ்சு வலி என்று படுத்தான், மாத்திரை என்று எழுந்தான். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு இந்த மாப்பிள்ளை அமைந்தார். நல்ல மனிதர், மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் விறைத்த காது. பெண் எங்கள் பட்டறைக்கே வந்து, கேக்கை மாடிப்படி மாதிரி செய்ய வேண்டும், மேல்படியில் தானும் அவரும் நிற்க வேண்டும், படிகளைச் சுற்றிச் சர்க்கரையில் கூழாங்கல் கிடக்க வேண்டும் என்றாள். கீழ் மூன்று படியும் தெர்மகோல்தான், மேலே மட்டும்தான் கேக் என்று சொன்னேன். "கல்யாணமும் அப்படித்தாம்மா, பார்க்கத்தான் பெருசு" என்றேன்.

"மாமா, பொம்மை அவரை மாதிரியே இருக்கணும். ஆனா கிண்டல் பண்ணக் கூடாது."

"காதை மட்டும் கொஞ்சம் பெருசா வச்சுக்கறேனே. உன் பேச்சைக் கேட்டுக் காலம் தள்ளணுமே அந்த மனுஷன்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் காதைப் பெரிதாகவே வைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் பொம்மையைப் பொம்மை என்று சொல்வதில்லை. மாப்பிள்ளை, பொண்ணு என்பதே வழக்கம். மாப்பிள்ளைக்கு மூக்கு வை, பொண்ணு இன்னும் காயல, மாப்பிள்ளையைத் தூக்கிப் பெட்டியில போடு, இப்படித்தான் பேசுவோம். வெளியாளுக்கு இது தெரியாது. நான் மச்சானிடம் சொன்னதைக் கேட்டிருந்த அவன் மகன் இதைத்தான் பிடித்துக்கொண்டு, மாமா பட்டறைப் பேச்சைப் பழக்கதோஷத்தில் மண்டபத்தில் பேசிவிட்டார், வாய் தவறிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். நல்ல பையன். அது பொய்.

கல்யாணத்தன்று பகலில் கேக்கை மண்டபத்துக்குக் கொண்டுபோய் மேசையில் ஏற்றினோம். மாப்பிள்ளை வீட்டாருக்காக வாசல் கதவுகளைத் திறந்தே வைத்திருந்ததால் ஏ.சி. குளிர் உள்ளே நிற்கவில்லை. வெளியே மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. சர்க்கரைக்கு வெயிலைவிட ஈரக்காற்றுதான் எமன். நான் கூழாங்கற்களைப் பரப்பிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் கழுத்து இளகி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழன்று கற்களுக்கு நடுவில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சர்க்கரைப் பூவைக் கழுத்தில் ஒட்டி மறைத்திருக்கலாம், அல்லது தலையையே திரும்ப ஒட்டியிருக்கலாம். பாகு கையில் இருந்தது.

நான் அதைச் செய்யவில்லை. தலையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அந்த மண்டபம் நீளமான மண்டபம். இரண்டு பக்கமும் நாற்காலி, ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் கும்பிட்டார்கள். எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது, எப்போது தலையை எடுத்து நீட்டுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பாதியில் திரும்பியிருக்கலாம்.

மாப்பிள்ளை வரும் கார் வழியில் சக்கரம் காற்றுப்போய் நின்றதால் தாமதம். மச்சான் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். புதுச் சட்டையில் மடிப்பு கலையவில்லை. போனை அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

"மச்சான், மாப்பிள்ளை போயிட்டான்டா" என்றேன்.

"என்னது?"

"போயிட்டான்."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், இன்னிக்கு வேணாம் அத்தான். உன் கால்ல விழறேன். சத்தியமா?"

"சத்தியமா" என்றேன்.

அதன் பிறகு நான் பைக்குள் கையை விட்டேன். அந்த இடத்தில்தான் தலையை எடுத்து நீட்ட வேண்டும். உடம்பு வேர்வையில் சர்க்கரை உருகி, துணியோடு துணியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். காது மட்டும் பிய்ந்து கையோடு வந்தது. நான் காதை நீட்டி, "இங்க பாரு, பொம்மைடா, நம்ம பொம்மைடா" என்றபோது அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் சாய்ந்தான். காதில் விழுந்ததா என்று தெரியாது. நான் அந்தக் காதை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு கார் வந்தது. மாப்பிள்ளை இறங்கி ஓடிவந்து அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, நான் வந்துட்டேன் மாமா" என்று கூப்பிட்டார். மச்சான் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில், வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். கல்யாணம் நின்றது. மச்சான் வீட்டில் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தீங்களே மாமா, அதுவே போதும்" என்று அழுதாள். அந்தத் தோளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள். "என் தம்பி கடைசியா என்ன கேட்டான்?"

"தண்ணி கேட்டான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சத்தியமா?"

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சமையல்கட்டில் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துகிறாள், என் தட்டு மட்டும் தொட்டியில் அப்படியே கிடக்கிறது. கொடியில் தொங்கிய சட்டையில் எறும்பு வரிசை ஏறுவதைப் பார்த்து, பைக்குள் கையை விட்டுப் பார்த்தவளும் அவள்தான். சட்டையை மடித்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். தலை பையில்தான் இருக்கிறது. வாய் தவறினவன் தலையை எதற்குப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான் என்று கேட்டு எழுத வேண்டும் என்று சொன்னேன்.

"எறும்பு ஃபைல்ல ஏறுது, முதல்ல இதை எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் ஐயா. "டாக்டர் மாரடைப்புன்னு குடுத்தாச்சு. பையன் புகார் இல்லன்னு எழுதிட்டான். வாய் தவறிச்சுன்னு போட்டு முடிங்க."

"தெரிஞ்சுதான் சொன்னேன் ஐயா. அவனை ஒரு நிமிஷம் கலங்க வச்சுப் பார்க்கணும்னு ஆசைப்பட்டுச் சொன்னேன்."

"பெரியவரே, இங்கயும் வந்து குசும்பா? வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்று சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வாழ்க்கையில் நான் விளையாடாமல் சொன்னது இது ஒன்றுதான், அதுவும் எடுபடவில்லை என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அதையும் எழுதும்படி ரைட்டர் தம்பியைக் கேட்டுக்கொண்டேன்.

ரைட்டர் தம்பி கடைசி வரியைப் படித்துக் காட்டினார். இதில் கண்ட யாவும் நான் சுயநினைவோடு சொன்னவை, சத்தியம் என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்ற முடியுமா, வேறு வார்த்தை இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளேயிருந்து அவரை யாரோ கூப்பிட்டார்கள்.

"சரி, உண்மைன்னு போட்டுக்கறேன். சீக்கிரம் கையெழுத்தப் போடுங்க தாத்தா."

"உண்மைன்னே போடு தம்பி. அவன்கிட்டயும் உண்மையத்தான் சொன்னேன். போனது மாப்பிள்ளைதான். ஒரு பொய் சொல்லல. உண்மையச் சொல்லித்தான் அவனை

(ஒப்பம்)